மோதிரத்துக்கு எழுதிவைத்த பணம்

1616-ல் ஷேக்ஸ்பியர் கண்மூடியபோது அவருடைய நாடகங்களில் ஏறத்தாழப் பாதி அச்சேறியிருக்கவில்லை. 'மேக்பெத்', 'ஜூலியஸ் சீசர்', 'டெம்பெஸ்ட்' எல்லாமே அதில் அடக்கம். கையெழுத்துப் படிகள் ஒரு தீயில் போயிருந்தால் போனதுதான். மூன்று வருடம் முன்பு, 1613-ல், அவருடைய நாடகங்கள் அரங்கேறிய குளோப் அரங்கமே எரிந்து சாம்பலாகியிருந்தது.

காப்பாற்றியவர்கள் அவரோடு ஒரே குழுவில் நடித்த ஜான் ஹெமிங்ஸும் ஹென்றி காண்டெலும். இவர்களையும் நடிகர் ரிச்சர்ட் பர்பேஜையும் மறக்காமல், நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் உயிலில் எழுதிவைத்திருந்தார் ஷேக்ஸ்பியர்.

பர்பேஜ் 1619-ல் காலமானார். மற்ற இருவரும் 36 நாடகங்களைத் திரட்டினார்கள். 1623-ல் வெளிவந்த அந்தக் கனத்த புத்தகம்தான் 'முதல் ஃபோலியோ'. அச்சகத்தை நடத்திய வில்லியம் ஜாகார்ட் பார்வை இழந்தவர். புத்தகம் முடியும் தறுவாயில் அவரும் இறந்துபோக, மகன் ஐசக் பொறுப்பேற்றார். அச்சு ஓடும்போதே பிழை திருத்தினார்கள். திருத்தாத தாள்களையும் வீணாக்காமல் சேர்த்தே கட்டினார்கள். அதனால் ஒரு பிரதியைப் போல இன்னொன்று இருப்பதில்லை. ஆய்வாளர்கள் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான்.

உலகில் இன்று 230-க்கும் மேற்பட்ட பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் 82 வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகத்தில் உள்ளன.