பனி கொட்டத் தொடங்கியபின் மூஸை அழைப்பது

ஒன்ராறியோவின் வடபகுதி ஊர்களில் குடியேறிய எம்மவரிடம், இலையுதிர் காலத்தில் கூட வேலைசெய்யும் வெள்ளைக்காரர், "மூஸ் வேட்டைக்கு நீயும் வாறியா?" என்று கேட்பதுண்டு. வன்னிக் காட்டில் மரையைக் கண்டவர்களும் மூஸைக் கண்டால் மலைத்துப் போவார்கள். மான் இனத்திலேயே பெரியது இதுதான். நன்கு வளர்ந்த ஆண் 500 கிலோவும் இருக்கும்.

இதைத் தேடி அலைவதைவிடக் குரல் கொடுத்து வரவழைப்பதே இங்கு பழைய வழக்கம். கிழக்குக் கனடாவின் மிக்மாக் பழங்குடியினர் பேர்ச் மரப்பட்டையைப் புனல்போலச் சுருட்டி, அதனூடாகப் பெண் மூஸின் நீண்ட முனகலை எழுப்புவர். இன்றும் பலர் அப்படித்தான் செய்கின்றனர். சிலருக்குக் குவித்த கைகளே போதும்.

செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரையே இணைசேரும் காலம். அதன்பின் கூப்பிட்டுப் பயனில்லை என்பார்கள். நாம் அதை ஏற்கமாட்டோம். ஊரில் மாடு வளர்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். சினைப்படாத மாடு 21 நாளில் திரும்பவும் கத்துமல்லவா? மூஸுக்கு அது ஏறத்தாழ 25 நாள். ஆகவே ஒக்டோபர் முடிவிலும், நவம்பர் தொடக்கத்திலும் சில பெண்கள் மறுபடி பருவத்துக்கு வருகின்றன. ஆண்களுக்கும் அது தெரியும்.

ஆனால் அப்போது வரும் ஆண் பழைய ஆண் அல்ல. இணைசேரும் நாட்களில் அது அநேகமாகத் தின்பதில்லை. மெலிந்து, களைத்து, இரைதேடித் திரியும். உறுமிக்கொண்டு ஓடி வராது. சத்தமின்றிச் சுற்றி வந்து, காற்று வீசிப் போகும் பக்கத்தில் நின்று மோப்பம் பிடிக்கும். அதனால் அனுபவசாலிகள் ஒன்றிரண்டு முறை மெதுவாகக் கூப்பிட்டுவிட்டு, காய்ந்த தோள்பட்டை எலும்பால் பற்றையைக் கொஞ்சம் உரசிவிட்டு, அரை மணி, ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பார்கள். குளிரில் அந்த இருப்புத்தான் கடினம். பொறுமையில்லாதவர் எழும்பி நடந்தபின், அவர் இருந்த இடத்தருகே புதுப் பனியில் பெரிய குளம்படிகள் கிடக்கும்!

கூடப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்மாகாணச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டுமல்ல. பதுங்கியிருப்பதும், தேடுவதும், துரத்துவதும் வேட்டையே. உரிமம் இல்லாதவர் விளையாட்டுக்கேனும் கூப்பிட்டுக் கொடுக்கப் போகவேண்டாம். துப்பாக்கி வேட்டை நாட்களில் வேட்டைக்காரர் செம்மஞ்சள் தொப்பியும், இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம் செம்மஞ்சள் உடையும் அணியவேண்டும். பார்க்கப் போகும் நாமும் அணிவதே புத்தி. நல்ல அழைப்பாளரின் குரலை மற்ற வேட்டைக்காரரும் மூஸென்றே நம்புவர்.

இறைச்சியில் பங்கு கிடைத்தால் சந்தோஷமாக வாங்கலாம்; விற்கக் கூடாது. ஈரலில் ஆசைப்படுபவர்கள் அதை விட்டுவிடுங்கள். மூஸின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கட்மியம் சேர்வதால் உண்ணவேண்டாமென மாகாண அரசே சொல்கிறது. தொடை இறைச்சியில் கொழுப்புக் குறைவு. மிளகைச் சற்றுக் கூட்டிப் போட்டு, சிறு நெருப்பில் நெடுநேரம் அவியவிடுங்கள்.