வைல்ட்ஃபயர் அட் மிட்நைட்

வைல்ட்ஃபயர் அட் மிட்நைட் என்பது ஆங்கில எழுத்தாளர் மேரி ஸ்டூவர்ட் (1916–2014) எழுதி 1956 ஆம் ஆண்டில் வெளிவந்த காதல் மர்மப் புதினம் ஆகும். இது அவரது இரண்டாவது புதினம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஸ்கை தீவில், பிளாவென் மலையின் அடிவாரத்தில் அமைந்த ஒரு விடுதியில் கதை நிகழ்கிறது. மலையேற்றம், பழைய தீச்சடங்குகள், தொடர் கொலைகள் ஆகியவை கதையில் பின்னிப் பிணைந்துள்ளன. ஆயினும் புதினத்தின் மையம் இவற்றுள் எதுவுமன்று. தான் இன்னமும் நேசிக்கும் ஒருவன் கொலைகாரனாக இருக்கக்கூடும் என்று ஐயுறும் ஒரு பெண்ணின் நிலையே அதன் மையமாகும்.

தலைப்பு

தலைப்பிலுள்ள சொல்லைக் காட்டுத்தீ என்று பொருள் கொண்டால் கதையின் திறவுகோல் தவறிவிடும். இங்கு அது கட்டையோடு கட்டையைக் கடைந்து புதிதாகப் பிறப்பிக்கும் தீயைக் குறிக்கின்றது. தமிழில் தீக்கடைகோல் என்ற சொல் இருப்பதால் இக்கருத்து நமக்கு அயலானதன்று. ஐரோப்பாவின் பல பகுதிகளில், கால்நடைகளுக்கு நோய் கண்டபோது ஊரிலுள்ள அடுப்புகளையெல்லாம் அணைத்துவிட்டு, கடைந்தெடுத்த புதுத் தீயிலிருந்து அவற்றை மீண்டும் ஏற்றும் வழக்கம் இருந்தது. ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களில் மே மாதத் தொடக்கத்தில் பெல்டேன் என்னும் தீ விழா கொண்டாடப்பட்டது. தீக் கடைபவர்கள் தம் உடலில் உலோகம் எதுவும் இல்லாதவாறு நீக்கிவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. இச்செய்திகளை ஜேம்ஸ் ஃபிரேசர் தமது 'தங்கக் கிளை' (முதற்பதிப்பு 1890) என்னும் நூலில் விரிவாகத் தொகுத்துள்ளார். அந்நூல் இப்புதினத்தினுள்ளேயே ஒரு தடயமாக வருகின்றது.

கதைச் சுருக்கம்

(குறிப்பு: கதையின் முடிவு கீழே வெளிப்படுத்தப்பட்டுள்ளது.)

கதையைத் தன்மையிடத்தில் கூறும் ஜியனெட்டா இலண்டனில் ஆடை விளம்பர அழகியாகப் பணிபுரிபவள். ஓவியர்களுக்கு மாதிரியாக நின்று புகழும் பழியும் பெற்ற கொள்ளுப்பாட்டியின் பெயர் அவளுக்கு இடப்பட்டிருந்தது. எழுத்தாளர் நிக்கோலஸ் டுரூரியை மணந்து, அவரது பிற பெண் தொடர்புகளால் மணவிலக்குப் பெற்றவள். 1953 ஆம் ஆண்டு இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்காக இலண்டன் மக்கள் வெள்ளத்தில் திணறிக் கொண்டிருந்தபோது, அமைதி வேண்டி அவள் ஸ்கை தீவுக்குச் செல்கிறாள். விடுதியில் தங்கியிருப்போருள் அவளது முன்னாள் கணவரும் ஒருவர்.

சில வாரங்களுக்கு முன்பு ஹெதர் மக்ரே என்னும் உள்ளூர் இளம்பெண் பிளாவென் மலைச்சரிவில் கொல்லப்பட்டிருந்தாள். கழுத்து அறுபட்ட நிலையில் அவள் உடல் தீ மூட்டிய இடத்தின்மேல் கிடத்தப்பட்டிருந்தது. காலணிகளும் அணிகலன்களும் கழற்றப்பட்டு ஓரமாக ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. வெறியிலோ சினத்திலோ கொன்றவன் செய்யும் செயலன்று இது. பலியிடுபவனின் ஒழுங்கு இதில் தெரிகின்றது. அன்றிரவு விடுதியில் இருந்த ஆடவர்களுள் ஒருவனே கொலைகாரன் என்று காவல் ஆய்வாளர் மெக்கன்சி கருதுகிறார்.

பின்னர் மரியன் பிராட்ஃபோர்ட், ரொபர்ட்டா சைம்ஸ் என்னும் இரு பெண்கள் மலையேறச் சென்று திரும்பாது போகின்றனர். தேடுதலில் மரியனின் உடல் கிடைக்கின்றது. அவர்களது கயிறு தானே அறுந்ததன்று, அறுக்கப்பட்டது என்பது தெரிய வருகின்றது. மலையேறுவோர் ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக் கொள்வது, ஒருவர் வழுக்கினால் மற்றவர் தாங்குவார் என்ற நம்பிக்கையினாலேயே ஆகும். அந்நம்பிக்கையின்மீதே கத்தி வைக்கப்படுகின்றது என்பதால் இப்பகுதி புதினத்தின் மற்றக் கொலைகளைவிட அதிகமாக மனத்தை உறுத்துகின்றது. ரொபர்ட்டா உயிருடன், ஆனால் நினைவிழந்த நிலையில் மீட்கப்படுகிறாள். அவள் கண்விழித்தால் தங்களுடன் ஏறிய மூன்றாமவர் யார் என்று கூறிவிடுவாள். புகழ்பெற்ற மலையேறியான ரொனால்ட் பீகிளும் கொல்லப்படுகிறார்.

ஜியனெட்டாவின் கையில் சிக்கும் தடயங்கள் நிக்கோலசைச் சுட்டுவதாகத் தோன்றுகின்றன. அவற்றை ஆய்வாளரிடம் கூறுவதா, மறைப்பதா என்று அவள் தடுமாறுகிறாள். கணவனென்ற உறவு சட்டப்படி முடிந்துவிட்டது. எனினும் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அவள் வாய் திறவாதிருந்தால் அடுத்த பலி ரொபர்ட்டாவாக இருக்கலாம்.

உண்மைக் கொலைகாரன் ரொடெரிக் கிராண்ட். தொடக்கம் முதல் அவளிடம் கனிவும் மரியாதையும் காட்டி, அவளது அன்பை நாடிய மலையேறி அவன். மலைகளை உயிருள்ள தெய்வங்களாகக் கருதும் மனநோய்க்கு ஆட்பட்டவன். மனிதர் மலைகளை மிதித்து ஏறுவதை அவமதிப்பாகவும், தனது கொலைகளை மலைக்குச் செலுத்தும் பலியாகவும் எண்ணுகிறான். இறுதியில் மூடுபனியில் அவளை அவன் துரத்த, நிக்கோலஸ் வந்து காக்கிறார். பிரிந்த இருவரும் மீண்டும் இணைகின்றனர்.

களமும் காலமும்

பிளாவென் ஏறத்தாழ 928 மீட்டர் உயரமுடையது. கூலின் மலைத்தொடரின் முதன்மை முகட்டிலிருந்து விலகித் தனித்து நிற்கின்றது. 1857 இல் கவிஞர் சுவின்பர்னும் பேராசிரியர் ஜோன் நிக்கலும் இதன் உச்சியை அடைந்ததே பதிவான முதல் ஏற்றமாகக் கூறப்படுகின்றது. கூலின் மலைகள் பெரும்பாலும் கப்ரோ என்னும் கரடுமுரடான தீப்பாறையால் ஆனவை. இப்பாறை கால் வழுக்காமல் பிடிமானம் தரும். ஆனால் இடையிடையே ஊடுருவிய பசால்ட்டுப் பாறை மழையில் நனைந்தால் வழுக்கும். கப்ரோவிலுள்ள காந்தத் தன்மை கொண்ட கனிமங்களால் திசைகாட்டியின் முள் பல இடங்களில் பிழையான திசையைக் காட்டும். மூடுபனி இறங்கியபின் அங்கு திசைகாட்டியை நம்பி நடப்பது ஆபத்து. கதையில் வரும் பனிக்காட்சிகளை இதனை அறிந்து படித்தல் நன்று. ஆசிரியரின் கணவர் பிரெடெரிக் ஸ்டூவர்ட் ஒரு நிலவியல் அறிஞர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கதை விடுதி அமைந்துள்ள கமாசுனரி என்னும் கடற்கரை உண்மையான இடம். ஆனால் விடுதி கற்பனை. அங்கு ஒரு பண்ணை வீடும், மலை நடையர் தங்கும் எளிய குடிலும் உள்ளன.

விடுதியினர் வானொலியில் எவரெஸ்ட் ஏற்ற முயற்சி பற்றிய செய்திக்குக் காத்திருப்பது கதை நெடுகிலும் வருகின்றது. ஜோன் ஹன்ட் தலைமையிலான குழுவைச் சேர்ந்த எட்மண்ட் ஹில்லரியும் டென்சிங் நோர்கேயும் 1953 மே 29 அன்று உச்சியை அடைந்தனர். அச்செய்தி முடிசூட்டு நாளான சூன் 2 காலையில் இலண்டன் நாளிதழில் வெளியாயிற்று. உலகமே மலையை வென்றதாகக் களிக்கும் நாட்களில், மலையின் சார்பில் பழிவாங்கும் ஒருவனை ஆசிரியர் உலவ விட்டுள்ளார். காலத் தேர்வு தற்செயலானதன்று.

வகைமையில் இதன் இடம்

நேசிப்பவனையே ஐயுறும் பெண் என்னும் கரு ஆங்கிலப் புனைவில் பழையது. டாப்னி டு மோரியேவின் 'ரெபெக்கா' (1938), ஹிட்ச்காக் இயக்கிய 'சஸ்பிஷன்' (1941) திரைப்படம் ஆகியன பலரும் அறிந்தவை. இவ்வகையில் அன்பானவன் நல்லவன், கடுகடுப்பானவன் தீயவன் என்ற கணக்குப் பெரும்பாலும் தலைகீழாகும். வகையைப் பழகிய வாசகர் கொலைகாரனை முன்னரே ஊகித்துவிடவும் கூடும்.

துரோகம் செய்த கணவனிடமே நாயகி திரும்புவது இன்றைய வாசகர் பலருக்கு உவப்பாக இராது. கொலைப்பழியிலிருந்து அவன் விடுபட்டதனால் பழைய பிழைகளிலிருந்தும் விடுபட்டவன் ஆகிவிடுகிறானா என்ற வினாவைப் புதினம் விரைந்து கடந்து செல்கின்றது. இதனை நூலின் குறையாகவே கொள்ளலாம்.

மேரி ஸ்டூவர்ட் தாமே இந்நூலைப் பற்றி முழு நிறைவு கொள்ளவில்லை. மூடிய இடம், பல சந்தேகத்திற்குரியோர், இறுக்கமான கதைப்பின்னல் என்ற செவ்வியல் துப்பறியும் கதையை எழுதிப் பார்க்கும் முயற்சி இது என்றும், தொழில்நுட்பப் பயிற்சியாக உதவியது என்றும், ஆனால் மாந்தரைவிடப் பின்னலுக்கு முதன்மை தரும் கதைகளில் தமக்கு ஆர்வமில்லை என்பதை உணர்த்தியது என்றும் அவர் பின்னர் குறிப்பிட்டார். அதன்பின் வந்த 'நைன் கோச்சஸ் வெயிட்டிங்' (1958), 'மை பிரதர் மைக்கேல்' (1959) முதலியவற்றில் மாந்தரே முன்நிற்கின்றனர். 1970 இல் 'தி கிரிஸ்டல் கேவ்' நூலுடன் அவர் மெர்லின் கதைத் தொடருக்குச் சென்றார்.