சுறாவின் பந்தியும் கடற்புல்லின் வாழ்வும்

சுறா என்றதும் நம்மவர் மனத்தில் இரண்டு காட்சிகள் எழுவது வழக்கம். ஒன்று, பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கவேண்டுமென்று நம் வீடுகளில் ஆக்கிக் கொடுக்கும் சுறா வறை. மற்றது, வாய் நிறையப் பற்களைக் காட்டிக்கொண்டு மனிதரைத் துரத்திவரும் திரைப்படச் சுறா. முன்னதில் அது நமக்கு உணவு. பின்னதில் நாம் அதற்கு உணவு. இவ்விரண்டுக்கும் அப்பால், சுறா எதனை உண்கிறது, எங்கே சென்று உண்கிறது, அவ்வாறு உண்பதனால் கடலின் ஏனைய உயிர்களுக்கு விளைவது யாது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்ப்போமாயின், நம் சமையற்கட்டு வரைக்கும் வந்து சேரும் செய்தியொன்று அதில் இருக்கக் காண்போம்.

பந்தி பலவிதம்

உலகக் கடல்களில் 500க்கு மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை மனிதரின் வழிக்கே வராதவை. மீன்களுள் மிகப் பெரிதான திமிங்கிலச் சுறா 12 மீற்றருக்கு மேலும் வளர வல்லது. ஆயினும் அதன் உணவு நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் மீன் முட்டைகளும் சிறு மீன்களுமே. கொம்பன் சுறாவோ மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையைத் தேடித் தின்கிறது. கண்ணுக்குத் தெரியாத இரையை அது அறிவது எங்ஙனம்? உயிருள்ள உடல் ஒவ்வொன்றிலிருந்தும் மிக நுண்ணிய மின்சாரம் நீரிற் கசிகிறது. சுறாவின் முகத்திலுள்ள சிறு துளைகள் அதனை உணர்ந்துவிடுகின்றன. இத்துளைகளை இத்தாலியரான லோரென்சினி 1678ஆம் ஆண்டிலேயே விவரித்தாராயினும், அவற்றின் பயன் 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பது நம் பழமொழி. சுறாக் குலத்தில் அப்பழமொழியும் பொய்த்துவிட்டது. அமெரிக்கக் கரையோரங்களில் வாழும் சிறிய கொம்பன் இனமொன்று கடற்புல்லையும் தின்று செரிக்கிறதென 2018ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் நிறுவினர்.

கலிபோர்னியாக் கரையில் கடல்நாய்களை வேட்டையாடும் வெள்ளைச் சுறாவின் பந்தி இன்னும் விசித்திரமானது. ஆண்டுதோறும் அது கரையை விட்டகன்று, மெக்சிக்கோவுக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இடைப்பட்ட நடுக்கடலுக்குச் செல்கிறது. மேலிருந்து நோக்குவோர்க்கு அவ்விடம் உயிரற்ற நீர்ப் பாலைவனமாகவே தோன்றிற்று. விஞ்ஞானிகள் அதற்கு ‘வெள்ளைச் சுறாவின் சிற்றுண்டிச்சாலை’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர். 2018ஆம் ஆண்டில் கப்பலேறிச் சென்று ஆராய்ந்தபோது, அந்நீரின் ஆழத்தில் மீன்களும் கணவாய்களும் மலிந்திருக்கக் கண்டனர். வேடிக்கைப் பெயர் உண்மைப் பெயராயிற்று.

புலியும் பசுவும்

சுறா உண்பதனால் மட்டுமன்றி, உண்ணாமல் வெறுமனே உலாவுவதனாலும் கடலை ஆள்கிறது என்பதற்கு மேற்கு ஆவுஸ்திரேலியாவிலுள்ள சுறா விரிகுடா தக்க சான்றாகும். 1699ஆம் ஆண்டில் அங்கு வந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் இட்ட பெயர் அது. ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீற்றர் கடற்புல்வெளியும், சுமார் 10,000 கடற்பசுக்களும் அவ்விடத்தின் செல்வங்கள். கடற்பசுவை நம் மன்னார்க் கரையோர் ஆவுளியா என்பர். அதற்குப் புல்லே உணவு.

வெப்பமான மாதங்களில் புலிச்சுறாக்கள் அவ்விரிகுடாவிற் பெருகுகின்றன. அப்போது கடற்பசுக்கள் செழித்த புல்லுள்ள ஆழமற்ற மேடுகளைக் கைவிட்டு, புல் குறைந்த ஆழமான விளிம்புகளுக்கு ஒதுங்குகின்றன. அங்கே வயிறு நிறையாது; ஆனால் தப்பியோட வழியுண்டு. சுறாக்கள் குறைந்ததும் மீண்டும் மேட்டுக்கு வந்து, தலையை மண்ணிற் புதைத்து, புல்லை வேரோடு கிண்டித் தின்கின்றன. புலிச்சுறா உலாவும் காலத்தில் அப்படித் தலைகுனிந்து மேய எந்தப் பசுவுக்குத்தான் துணிவு வரும்? வேலியே பயிரை மேய்ந்த கதையை நாம் அறிவோம். இங்கேயோ, பற்கள் நிறைந்த வேலியொன்று பயிரைக் காத்து நிற்கிறது.

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கடல் வழமைக்கு மாறாகச் சூடேறிற்று. புல்வெளியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சேதமுற்றது. அந்நிலையில் சுறாவும் இல்லாதொழிந்தால் என்னவாகும்? அதனை அறிய ஆராய்ச்சியாளர் தாமே நீரில் மூழ்கி, காவலற்ற இடத்திற் கடற்பசு மேய்வது போலப் புல்லைப் பிடுங்கிப் பார்த்தனர். உயர்ந்து அடர்ந்து வளரும் பழைய புல் மீளமுடியாமற் குன்றியது. அதன் இடத்தைச் சிறிய புல்லினங்கள் பற்றத் தொடங்கின. அடர்ந்த கடற்புல்லோ இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில். கரை மணலைக் கட்டிப்பிடிக்கும் கயிறு. தொட்டில் அறுந்தால் வலையும் வெறுமையாகும்.

எருவிடும் சுறா

பசுபிக் சமுத்திரத்தின் நடுவே பல்மைரா என்றொரு பவளத்தீவுண்டு. பெயரைக் கேட்டுப் பனைமரத்தை எண்ணிவிட வேண்டாம். 1802ஆம் ஆண்டில் அங்கே கரைதட்டிய கப்பலொன்றின் பெயர் அது. அத்தீவைச் சூழ வாழும் சாம்பல்நிறப் பவளப்பாறைச் சுறாக்கள் வெளிக்கடலிற் சென்று இரையுண்டு, பின்னர் பவளப்பாறைக்குத் திரும்புகின்றன. அவற்றின் கழிவு அங்குள்ள உயிர்களுக்கு எருவாகிறது. தூரத்து ஊரில் உழைத்துச் சொந்த ஊருக்குப் பணம் அனுப்பும் பிள்ளையைப் போல, வெளிக்கடலின் சத்தைச் சுறா பாறைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

எனினும் கடலின் கணக்கு எல்லா இடத்தும் இத்தனை எளிதன்று. அமெரிக்காவின் கிழக்குக் கரையிற் பெருஞ்சுறாக்கள் குறைந்தமையால் திருக்கைகள் பெருகி, சிப்பிகளைத் தின்று தீர்த்தனவென 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கூறிற்று. திருக்கையைப் பிடித்துத் தின்றால் சிப்பி பிழைக்குமென்ற பேச்சும் பரவியது. ஆண்டுக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனும் அத்திருக்கை அவ்வளவு விரைவிற் பெருக முடியாதென 2016ஆம் ஆண்டில் வேறு ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே ஆராய்ந்தறிய வேண்டுமென்பதே இதன் பாடம்.

காவல் குறையும் கடல்

அவ்வாறு ஆராய்ந்தறிவதற்குள் சுறாக்களே அருகி வருகின்றன. வெளிக்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 1970ஆம் ஆண்டிலிருந்து 71 வீதம் குறைந்துவிட்டனவென 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. மிகையான மீன்பிடியே காரணம். நெத்தலியைப் போல ஆயிரக்கணக்கில் முட்டையிடும் இனமன்று சுறா. சவுக்கு வாலுடைய சுறா ஒரு தடவையில் ஈனுவது இரண்டு முதல் நான்கு குட்டிகளே. ஆதலின் இச்சவுக்குவாற் சுறாவைப் பிடிப்பதை இலங்கை 2012ஆம் ஆண்டிற் சட்டத்தினாற் தடைசெய்தது. 2015ஆம் ஆண்டின் விதிகள் ஆழ்கடலில் திமிங்கிலச் சுறாவுக்கும் வெண்முனைச் சுறாவுக்கும் பாதுகாப்பளித்தன. நமது பாக்கு நீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் கடற்புல்லும் உண்டு. அருகிப்போன ஆவுளியாவும் உண்டு. 2022ஆம் ஆண்டிற் தமிழ்நாடு தன் பக்கத்தில் 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுவின் காப்பகமாக அறிவித்தது.

சுறா வறையை மறந்துவிடுமாறு நாம் கூறவில்லை. மீனவரின் பிழைப்பும் நமக்கு வேண்டியதே. ஆயினும் சந்தையிற் சிறு சுறாவொன்றைக் கண்டால், அது உருவத்திலேயே சிறிய இனமா, அன்றிப் பெருஞ்சுறாவின் குட்டியா என்று விற்பவரைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் அறிவார். ஒரு தடவையேனும் குட்டி ஈனாத பெருஞ்சுறாவைச் சட்டியிலிடும்போது நாம் இழப்பது ஒரு மீனை மட்டுமன்று. நாளைய புல்வெளியின் காவலாளியையும் இழக்கிறோம்.