ஈறுகளைக் கரைப்பது யார்?

காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது நுரையில் சிவப்பு தெரிந்தால், நம்மில் பலர் முதலில் பிரஷ்ஷைத்தான் குறை சொல்வோம். பிறகு அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வோம். அழுக்கு சேர அதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை.

1965-இல் ஹரால்டு லோ என்ற ஆய்வாளர் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சில நாட்களில் வீக்கம் வடிந்தது. அழுக்குப் படலத்தில் வாழும் பாக்டீரியாவே காரணம் என்பது உறுதியானது. ஆனால் சிவப்பும் வீக்கமும் நம் உடம்பின் கைவேலை.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பெரும்பான்மையான நியூட்ரோஃபில்கள், நோயே இல்லாதபோதும் இந்தப் பள்ளத்துக்கு ஓயாமல் கசிந்து வருகின்றன. எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து அனுப்புவதால் ஆளுக்குப் பஞ்சமில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கில் நுழைந்து வெளியேறி, பாக்டீரியாவை விழுங்குகின்றன. சில, தம் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைக்கின்றன. இந்த வித்தை 2004-இல்தான் தெரியவந்தது. சிக்கல் என்னவென்றால், அவை கக்கும் நொதிகளுக்குக் கிருமி எது, ஈறு எது என்று தெரியாது. பல்லைப் பிடித்திருக்கும் கொலாஜன் இழைகளும் அறுபடுகின்றன.

அப்படியானால் நியூட்ரோஃபில் வராவிட்டால் ஈறு பிழைக்குமா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வெள்ளை அணுக்களில் ஒட்டும் புரதம் குறைவு. ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் நெரிசலாக இருக்கும். வெளியே வர வழியிருக்காது. இவர்களுக்குத்தான் ஈறு நோய் மிகக் கொடுமையாக வந்து, சிறு வயதிலேயே பல் விழுகிறது. கிருமி கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்தார்கள்.

விஷயம் வேறு. வேலை முடித்துச் செத்த நியூட்ரோஃபில்களை மேக்ரோஃபேஜ் எனும் இன்னொரு வெள்ளை அணு விழுங்குகிறது. அதுவே 'ஆள் போதும்' என்ற தகவல். யாருமே வராதபோது அந்தத் தகவலும் போவதில்லை. இன்டர்லூக்கின்-17 என்ற அழைப்பு ஓயாமல் ஒலிக்கிறது. அந்த அழைப்பின் மிகுதிதான் தாடை எலும்பைக் கரைக்கிறது.

2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இந்தக் குறைபாடுள்ள ஒருவருக்கு, சொரியாசிஸுக்குத் தரும் ஓர் ஊசி மருந்தைக் கொடுத்து அந்த அழைப்பை அடக்கிய செய்தியை வெளியிட்டார்கள். அவருடைய ஈறு வீக்கம் வடிந்தது. கூடவே, முதுகின் அடிப்பகுதியில் நெடுநாள் ஆறாமல் கிடந்த புண்ணும் ஆறியது.