குளிர்ந்த காற்றெல்லாம் தூய காற்றல்ல

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை ஊடாகப் பலாங்கொடைக்குச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையில் ஓப்பநாயக்கவைக் கடப்போர், மழைக்கும் புகைக்கும் அஞ்சி வாகனக் கண்ணாடிகளை மூடிக்கொள்வது வழமை. மூடிய வாகனத்தினுள் நாம் சுவாசிப்பது வளிச்சீராக்கி தரும் காற்றையே. அது குளிராக இருப்பதனால் தூய்மையாகவும் இருக்கும் என நாம் நம்பிவிடுகின்றோம். இந்நம்பிக்கை எப்போதும் சரியானதல்ல.

வளிச்சீராக்கியின் ஆவியாக்கி எனும் பகுதி காற்றிலுள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் அகற்றுகின்றது. அவ்வாறு அகற்றப்படும் ஈரம் அதன் மீது நீர்த்துளிகளாகப் படிகின்றது. அந்த ஈரத்துடன் தூசியும் சேருமாயின் அங்கு பூஞ்சணம் வளர்கின்றது. வளிச்சீராக்கியை இயக்கியவுடன் வீசும் புளித்த வாடைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆஸ்துமா, ஒவ்வாமை உடையோரை இக்காற்று வெகுவாகப் பாதிக்கக்கூடும்.

தூசி உட்செல்லாது தடுப்பதற்கென வைக்கப்பட்டதே உட்காற்று வடிகட்டியாகும். பல ஜப்பானிய வாகனங்களில் இது முன்னாசனத்திற்கு எதிரேயுள்ள சிறு பெட்டியின் பின்னால் அமைந்துள்ளது. சில வாகனங்களில் அதற்குரிய இடம் மட்டுமே உண்டு, வடிகட்டி இருப்பதில்லை. பாவித்த வாகனத்தை வாங்குவோர் முதலில் இதனைத் திறந்து பார்க்க வேண்டும்.

வடிகட்டி அடைபட்டால் காற்றோட்டம் குறையும். மழை வேளையில் முன்கண்ணாடியில் படியும் ஆவியை விரைவாக நீக்க முடியாது போகும். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் சில விநாடிகள் பாதை மறைவதும் உயிராபத்தானதே. வளிச்சீராக்கியை இயக்கி, வெளிக்காற்றை உள்ளெடுப்பதே ஆவியை அகற்றும் முறையாகும்.

பிள்ளைகள் நெருங்கி அமர்ந்து செல்லும் பாடசாலை வேன்களில் இன்னுமோர் ஆபத்துண்டு. உள்ளிருக்கும் காற்றையே நீண்டநேரம் மீளச் சுழலவிட்டால் காபனீரொட்சைட்டு அதிகரித்து, சாரதிக்கும் சோர்வும் தூக்கமும் ஏற்படலாம். புகை மிகுந்த இடத்தைக் கடந்ததும் வெளிக்காற்றுக்கு மாற்றிவிட வேண்டும். காபனோரொட்சைட்டு எனும் நச்சு வாயுவை இவ்வடிகட்டி தடுக்காது என்பதையும் மறத்தலாகாது. எனவே இயந்திரத்தை இயங்கவிட்டு, மூடிய வாகனத்தினுள் உறங்குவதை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

பொதுவாக ஆண்டுக்கொரு முறை அல்லது 15,000 கிலோமீற்றர் அளவில் வடிகட்டியை மாற்றுவது நன்று. தூசி மிகுந்த தோட்டப் பாதைகளில் ஓடும் வாகனங்களுக்கு அதற்கு முன்னரே மாற்ற வேண்டும். கடதாசி வடிகட்டியை நீரில் கழுவிப் பாவிப்பதில் பயனில்லை. பயணம் முடிவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் குளிர்ச்சியை நிறுத்தி, விசிறியை மட்டும் இயக்கினால் ஆவியாக்கியின் ஈரம் ஓரளவு காயும்.

எண்ணெய் மாற்றும் தவணையை மறவாத நாம், இவ்வடிகட்டியை மட்டும் மறந்துவிடுகின்றோம். எண்ணெய் இயந்திரத்தைக் காப்பது. இதுவோ பயணிப்போரின் சுவாசத்தைக் காப்பது. அடுத்த முறை வாகனத்தைத் திருத்துமிடத்திற்குக் கொண்டு செல்லும்போது இதனையும் கழற்றிக் காட்டுமாறு கேட்பது நமது கடமையாகும்.