ரிக் வருமுன் கேட்க வேண்டிய காகிதம்

வயலுக்குள் ரிக் இயந்திரம் வந்து இறங்கிய பிறகுதான் நம் மக்கள் மனு எழுத உட்காருகிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அதைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று பார்க்கப் போடும் சோதனைக் கிணறுகளைப் பொறுத்தவரை, அந்த மனு மட்டும் போதவே போதாது. அனுமதிக் கடிதம் அதற்கு முன்பே சென்னையில் கையெழுத்தாகியிருக்கும்.

"கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பார்களே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்குச் சொல்கிறேன்: வைக்க மாட்டார்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை ஒன்றிய அரசு 2020 ஜனவரியில் திருத்தி, ஆய்வுக் கிணறுகளை 'பி2' பிரிவில் போட்டுவிட்டது. அந்தப் பிரிவுக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓஎன்ஜிசியின் 20 சோதனைக் கிணறுகளுக்கு 2025இல் அனுமதி கிடைத்தது இப்படித்தான். செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பிய பிறகு, இதை அனுமதிக்க மாட்டோம் என்று மாநில அரசு சொன்னது. எல்லா ஊருக்கும் அப்படிச் செய்தி வந்து சேராது.

இன்னொரு தவறான நம்பிக்கை, வேளாண் மண்டலச் சட்டம் எல்லோரையும் காப்பாற்றும் என்பது. 2020ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வையும் துளையிடுதலையும் தடுப்பது உண்மை. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளும் கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களுமே அதில் வந்தன. இராமநாதபுரம் அதில் இல்லை. உங்கள் ஒன்றியம் அட்டவணையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளம். மாவட்டப் பெயரைப் போட்டுத் தேடினால் விண்ணப்பமும் அதன் நிலையும் கிடைக்கும். அனுமதி இன்னும் வரவில்லையென்றால் அதுவே நல்ல நேரம். சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும், அதன் வல்லுநர் குழுவுக்கும் ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "எங்கள் ஊரில் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். கிணறு வரப்போகும் சர்வே எண், அதிலிருந்து கண்மாய் எவ்வளவு தூரம், குடிநீர்க் கிணறு எவ்வளவு தூரம், விண்ணப்பத்தில் எந்த நீர்நிலை விடுபட்டிருக்கிறது என்று எழுதுங்கள். கிராம சபைத் தீர்மானத்திலும் இதே விவரம் இருக்க வேண்டும். தீர்மான நகலைக் கையோடு வாங்கிவிட வேண்டும்.

அனுமதி வந்துவிட்டதா? அப்படியானால் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகைக்குப் போங்கள். அனுமதி கிடைத்த 7 நாளுக்குள் நிறுவனம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும். அதில் ஒன்று தமிழில் இருக்க வேண்டும். கடிதத்தின் நகல் ஊராட்சித் தலைவருக்கும் வரவேண்டும். வந்த நாளிலிருந்து 30 நாள் அதைப் பார்வைக்கு வைப்பது ஊராட்சியின் கடமை. மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவைக்கும் ஊராட்சிச் செயலர்களே, உங்கள் ஊர்க்காரரின் மேல்முறையீட்டு உரிமையையும் சேர்த்துத்தான் பூட்டுகிறீர்கள்.

ஏனென்றால் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி மேல்முறையீட்டுக்கு இருப்பது 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 91ஆவது நாள் போனால் காரணம் எவ்வளவு நியாயமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது. விளம்பரம், இணையதளப் பதிவேற்றம், ஊராட்சிப் பலகை ஆகியவற்றில் எது முதலில் முறையாக நடந்ததோ அன்றிலிருந்து நாள் எண்ணப்படும். "எனக்கு இப்போதுதான் தெரிந்தது" என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்காதீர்கள். தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. மறுபடியும் சொல்கிறேன்: 30 நாள்.

கடிதம் கையில் கிடைத்ததும் நிலத்தை மீட்டுத்தரும் நிபந்தனைகளைத் தேடிப் படியுங்கள். எண்ணெய் கிடைக்காவிட்டால் கிணற்றை முறையாக அடைத்து, ரிக்கைக் கழற்றி, இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். துளையிடும்போது வெளிவரும் கல்தூளும் சேறும் நீர் கசியாத விரிப்புப் போட்ட குழியில்தான் விழ வேண்டும். குழி நிரம்பியதும் மேலேயும் அதேபோன்ற விரிப்பால் மூடி, அதன்மேல் அந்த இடத்து மண்ணையே கனமாகப் போட்டு, மழைநீர் தேங்காதபடி சரிவு கொடுக்க வேண்டும். இது 2005ஆம் ஆண்டு முதல் இருக்கும் விதி. விரிப்பு கிழிந்து கிடந்தால், சேறு வாய்க்காலில் இறங்கினால், தேதி தெரியும்படி படமெடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்குக் கோப்பு எண் கிடையாது.

நிபந்தனைகளை நிறைவேற்றியதாக நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும். 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் அதைக் கேளுங்கள்; 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அவசரப்படாதீர்கள். ரிக் வருவதற்கு முன்பே கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலும், மண்ணை வேளாண்மைத் துறை ஆய்வகத்திலும் கொடுத்துச் சோதித்து வையுங்கள். இந்தப் பழைய அறிக்கை இல்லாமல் பின்னால் இழப்பீடு கேட்டால், நீர் முன்பே உப்புத்தான் என்று சொல்லிவிடுவார்கள். இழப்பீட்டு மனுவுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஆதாரத்தைத் துளையிடுமுன் மட்டுமே சேர்க்க முடியும். மேல்மண்ணைத் தனியே குவித்துப் பாதுகாத்துத் திருப்பிப் போடுவது யார் பொறுப்பு, எத்தனை மாதத்துக்குள், அதுவரை குத்தகைப் பணம் தொடருமா என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். காலியிடம் விட்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை முடிந்து "நிலத்தைத் திருப்திகரமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு சீட்டை நீட்டினால், குழி மூடப்பட்டதா, கிணறு அடைக்கப்பட்டதா என்று நேரில் பார்த்து, மண்ணையும் நீரையும் மறுபடி சோதித்து, இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே பேனாவை எடுங்கள்.