அரசு செலவு 10 சதவீதமா, 28 சதவீதமா? இரண்டும் எப்படி சரியாகும்?

"இந்தியாவில் அரசு செலவழிப்பது ஜிடிபியில் வெறும் 10 சதவீதம்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் வருகிறது. அடுத்த நாளே "28 சதவீதம்" என்று இன்னொன்று. எதை நம்புவது? இரண்டுமே ஏறக்குறைய சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மத்திய அரசு, மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள் எல்லாம் சேர்ந்து செய்யும் மொத்தச் செலவு ஜிடிபியில் சுமார் 28 சதவீதம். அதில் ஒரு பகுதிக்கு மட்டும் 'அரசு இறுதி நுகர்வுச் செலவு' என்று பெயர். மக்களுக்குச் சேவை வழங்க அரசு செய்யும் அன்றாடச் செலவு இது. இதுதான் சுமார் 10 சதவீதம். இந்தக் கணக்கைப் போடுவது தேசிய புள்ளியியல் அலுவலகம்.

இதில் சேருபவை

• ஆசிரியர், மருத்துவர், காவலர், ராணுவத்தினர் சம்பளம்
• அரசு மருத்துவமனைக்கு வாங்கும் மருந்து, அலுவலக மின்கட்டணம்
• சத்துணவுக்கு வாங்கும் பருப்பு, எண்ணெய்
• அரசுக் கட்டடம், கருவிகளின் ஆண்டுத் தேய்மானம்

சேராதவை

• முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை: அரசு உங்கள் கணக்குக்கு மாற்றும் பணம் இது. நீங்கள் கடையில் அரிசி வாங்கும்போது அது 'தனியார் நுகர்வு' ஆகிவிடும். இங்கேயும் சேர்த்தால் இரண்டு தடவை எண்ணியதாகும்.
• அரசு வாங்கிய கடனுக்கான வட்டி
• புதிய சாலை, பாலம், கட்டடம்: இவை 'முதலீடு' என்ற தலைப்பில் போகும்.

ஒரு பள்ளிக்கூடத்தை வைத்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, ஓர் அரசுப் பள்ளியில் ஆண்டுக்குச் சம்பளம் 40 லட்சம் ரூபாய், மின்சாரம் மற்றும் பொருட்கள் 6 லட்சம், தேய்மானம் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 லட்சம். மாணவர்களிடம் வாங்கிய கட்டணம் 1 லட்சம் என்றால் அதைக் கழிக்க வேண்டும். மீதி 49 லட்சம்தான் அரசு நுகர்வு. அதே ஆண்டில் 20 லட்சத்துக்குப் புது வகுப்பறை கட்டினால் அது முதலீட்டில் சேரும், இதில் வராது.

இங்கேதான் சிக்கல்

தனியார் கடையில் பொருளுக்கு விலை இருக்கிறது. அரசுப் பள்ளிப் பாடத்துக்கு சந்தை விலை ஏது? அதனால்தான் ஆன செலவையே சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்தினாலும், வராமலே இருந்தாலும், சம்பளம் போயிருந்தால் கணக்கில் ஒரே தொகைதான்! சம்பளம் உயர்ந்தால், சேவை கொஞ்சமும் கூடாமலே அந்த ஆண்டு விலைப்படி அரசு நுகர்வு உயரும்.

பிரிட்டன் இதற்கு வேறு வழி தேடியது. மாணவர் எண்ணிக்கை, சிகிச்சை எண்ணிக்கை போன்றவற்றை வைத்து அரசுச் சேவையை அங்கே அளக்கிறார்கள். 2005-இல் வந்த அட்கின்சன் அறிக்கை இந்த முறையை வலுப்படுத்தியது. 2020 கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது, சம்பளம் தொடர்ந்தும்கூட பிரிட்டனின் கணக்கில் கல்விச் சேவை சரிந்தது. அந்த ஆண்டு அதன் ஜிடிபி பல நாடுகளைவிட அதிகமாக விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சதவீதத்தைப் படிக்கும்போது கவனிக்க 3 விஷயங்கள்

1. 'மொத்தச் செலவு' என்கிறார்களா, 'நுகர்வுச் செலவு' என்கிறார்களா?
2. சதவீதம் கூடினால், அரசு கூடுதலாகச் செலவழித்தது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஜிடிபி சுருங்கினாலும் சதவீதம் கூடும். 2020-21-இல் நம் நாட்டு ஜிடிபி சுருங்கியது நினைவிருக்கும்.
3. வேறு நாட்டோடு ஒப்பிட்டால் காரணத்தையும் பாருங்கள். ஸ்வீடனில் அரசு நுகர்வு ஜிடிபியில் ஏறக்குறைய கால் பங்கு. அங்கே மருத்துவம், கல்வி, முதியோர் பராமரிப்பில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. நம் ஊரில் அதில் கணிசமான செலவை குடும்பங்களே பார்த்துக்கொள்கின்றன.

அப்போ, நமக்கு என்ன பயன்?

அரசு எவ்வளவு செலவழித்தது என்பதை இந்த எண் சொல்லும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருந்ததா, டாக்டர் வந்தாரா என்பதைச் சொல்லாது. அதை நேரில் பார்க்கிறவர் நீங்கள்தான். கிராம சபையில் கேட்பதும், குறை இருந்தால் புகார் பதிவு செய்வதும் அதனால்தான் முக்கியம்.

தேசிய அளவிலான எண்களை, மத்திய புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்தின் இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். காலாண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீடு வரும். அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ஒரு சதவீதம் வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் அங்கே ஒருமுறை சரிபாருங்கள்.